கறுக்கலாம், கருகக் கூடாது

மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு வீட்டுக் குசினி. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் அங்கே சாப்பிட்டுப் பழகிய 'கறுப்பு மீன்' வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். செய்து பார்க்கலாம் என்று மாமி ஒப்புக்கொண்டார். காலையில் கரையில் வாங்கிய பாரையைத் தோலுரித்து, நடுமுள்ளை நீக்கி, இரண்டு பக்கத்துச் சதையையும் தனித் துண்டுகளாக எடுத்தாயிற்று. வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை இரு புறமும் அப்பி, புகை கிளம்பக் காய்ந்திருந்த இரும்புத் தோசைக்கல்லில் முதல் துண்டைப் போட்டார். 'சொய்' என்ற சத்தம் ஒரு கணம்தான். அடுத்த கணம் விறாந்தையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் இருமல். "யன்னலைத் திற பிள்ளை!" என்று உள்ளேயிருந்து மாமியின் குரல்.

அந்தத் துண்டை யாராலும் சாப்பிட முடியவில்லை. வெளியே கரி, நாக்கில் கசப்பு, நடுவில் இன்னும் பச்சை. மாமி கல்லை இறக்கி ஆறவிட்டார். நெருப்பைத் தணித்தார். இரண்டாவது துண்டை மெல்லியதாகச் சீவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, தூளைப் பூசி, மறுபடி கல்லில் வைத்தார். இந்தத் தடவை துண்டு கோப்பிக்கொட்டை நிறத்தில் எழுந்து வந்தது. பிட்டால் உள்ளே தேங்காய்ப்பூ வெள்ளை. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள்.

ஒரே மீன், ஒரே தூள், ஒரே கல். முதல் துண்டுக்கும் இரண்டாவது துண்டுக்கும் இடையில் மாறியவை மூன்று: சூடு, ஈரம், தடிப்பு. நம் வீட்டுத் தூள் எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இந்த மூன்றும் ஏன் மாற வேண்டியிருந்தது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் அந்த இருமல். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கப்சேசின் என்ற பொருள். அது நிறைய இருப்பது விதையில் என்று பலர் நம்புகிறோம். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய உள்தசையில்தான் அது சுரக்கிறது. தண்ணீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம். எண்ணெயிலும் கொழுப்பிலும் நன்றாகக் கரையும். கொதிக்கும் கல்லில் தூள் விழும்போது நுண்ணிய எண்ணெய்த் துளிகளோடும் புகையோடும் அது காற்றில் ஏறி, மூக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு நுனிகளில் படிகிறது. அந்த நுனிகளில் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து எச்சரிக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதே புரதத்தைத்தான் கப்சேசினும் தட்டி எழுப்புகிறது என்று 1997ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. 2021ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வு இதுதான். ஆர்டெம் பட்டபூட்டியன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரம் நமக்கு ‘எரிவதாக’த் தோன்றுவது வெறும் பேச்சு வழக்கு அல்ல. மூளைக்குப் போகும் செய்தியே 'சுடுகிறது' என்பதுதான்.

இந்த மிளகாய் மன்னாருக்குச் சொந்தமானதும் அல்ல. அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்த்துக்கேயரின் கப்பல்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்தன. மன்னாரை அவர்கள் 1560ல் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். குசினி, யன்னல் என்று நாம் வாய் நிறையச் சொல்லும் இரண்டு சொற்களும் அவர்கள் விட்டுச் சென்றவை. அதற்கு முன்பு இந்தக் கரையில் மீனுக்குக் காரம் தந்தது மிளகு. புதிதாக வந்த காய்க்கு மிளகின் பெயரையே சேர்த்து மிளகாய் என்று வைத்தார்கள்.

பேரப்பிள்ளைகள் கேட்ட பதார்த்தமும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் 1979ல் தொடங்கிய உணவகம் ஒன்றில் பால் புருடோம் என்ற சமையற்காரர் அதைப் புகழ்பெறச் செய்தார். மீன் துண்டை உருக்கிய பட்டரில் தோய்த்து, உலர்ந்த மசாலாவை அப்பி, மிதமிஞ்சிக் காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் போட்டு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று எடுத்துவிடுவார். சட்டியைக் குறைந்தது பத்து நிமிடமாவது காயவிட வேண்டும், அடியில் வெண்சாம்பல் தெரிய வேண்டும் என்பது அவர் 1984ல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்ன முறை. அவர் எடுத்துக்கொண்ட மீன் நம் கத்தாளையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பதார்த்தம் நாடு முழுவதும் பரவியது. வலைகள் பெருகின. மீன் இருப்பு சரிந்து, 1986ல் மெக்சிக்கோ வளைகுடாவின் மத்திய அரசுக் கடற்பரப்பில் அந்த மீனை வணிகத்துக்காகப் பிடிப்பதை அவசர ஆணை போட்டு நிறுத்த வேண்டி வந்தது. ஒரு சமையற்குறிப்பு ஒரு மீனினத்தையே நெருக்கடிக்குக் கொண்டுபோனது. இலங்கைப் பாராளுமன்றம் 2017ல் கடலடி இழுவை மடியைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்த பிறகும் அந்த மடிகளால் வலையிழந்து நிற்கும் நம் கரையோரத்து மக்களுக்கு, கடலில் அளவு மீறினால் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

புருடோம் சொன்னது போன்ற கடுஞ்சூட்டில்தான் மாமியின் முதல் துண்டு கெட்டது. அந்தச் சூடு ஒத்துவராததற்குக் காரணம் மாமியின் தூளில் இருந்தது.

உணவு பொன்னிறமாகி, கபில நிறமாகி, கறுப்பை நோக்கிப் போகும் மாற்றத்தை 1912ல் விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீல் மையார். புரதங்களின் கூறான அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேரும்போது நூற்றுக்கணக்கான புதுப் பொருட்கள் பிறக்கின்றன. அவற்றில் சில மணம், சில சுவை, சில நிறம். பாணின் பொருக்கு, வறுத்த கோப்பி, பொரித்த மீனின் ஓரம் எல்லாம் இதன் பலன். இந்த மாற்றம் வேகம் பிடிப்பது ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல். ஆனால் மீன் சதையில் புரதம் ஏராளமாக இருந்தாலும் சர்க்கரை மிகக் குறைவு. அதனால் வெறும் மீன் துண்டு இரண்டு மூன்று நிமிடத்தில் அவ்வளவு கறுக்காது. கறுப்பு மீனின் கறுப்பில் பெரும்பங்கு மீனுடையதல்ல, தூளுடையது. மிளகாய்த்தூளில் சர்க்கரை உண்டு, புரதமும் உண்டு. அதன் சிவப்புக்குக் காரணமான நிறமிகள் சூட்டில் சிதைந்து கபிலமாகின்றன. புருடோமின் மசாலாவில் பெரும்பாலும் வறுக்காத தூள்களும் உலர்ந்த இலைகளும்தான். அந்தப் பச்சைத் தூளை இரண்டே நிமிடத்தில் கறுக்கவைக்க வேண்டுமானால் சட்டி பயங்கரமாகக் காய்ந்திருக்க வேண்டும்.

நம் மிளகாய்த்தூளோ அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை அடுப்பில் ஏறுமுன்பே முடித்துவிட்டது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே மெல்லிய நெருப்பில் வறுப்பதை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். சேர்த்து வறுக்கக் கூடாது என்று அம்மாமார் கண்டிப்பதில் நல்ல அறிவியல் இருக்கிறது. மல்லி உள்ளே வரை சூடேறப் பொழுது எடுக்கும். நற்சீரகம் சில நொடிகளில் நிறம் மாறிவிடும். வெந்தயம் சற்றே கூடுதலாக வறுபட்டால் தூள் முழுவதும் கசந்துபோகும். மல்லி 'மணம் வரும்' வரை, மிளகாய் 'கறுத்துச் சிவந்து மொறுமொறுக்கும்' வரை என்று அவர்கள் மூக்காலும் காதாலும் அளந்தது மையார் சொன்ன மாற்றத்தைத்தான். இடித்து முடியும்போது தூளிலேயே கபில நிறமும் வறுத்த மணமும் ஏறியிருக்கும்.

அப்படிப்பட்ட தூளை வெண்சாம்பல் தெரியும் சட்டியில் போட்டால் அது மேலும் கறுக்க இடமில்லை. நேரே கரியாகிறது. இரண்டாவது துண்டின் தூள் கரியாகாமல் தப்பியது சூடு குறைந்ததால்தான். ஏறத்தாழ 200 பாகை போதும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தூள் வறுக்கும் வீடுகளுக்கு அமெரிக்க முறையை விட இது எளிது, புகை குறைவு, சுவை ஆழம். இதை நான் அடித்துச் சொல்வேன்.

கல்லின் சூட்டை அளக்க வெப்பமானி தேவையில்லை. எண்ணெய் தடவாத கல்லில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சத்தமிட்டுப் பரவி உடனே மறைந்தால் சூடு போதாது. துளி உடையாமல் குண்டுமணி போல உருண்டு திரிந்தால் கல் 200 பாகையை அண்மித்துவிட்டது. துளியின் அடிப்பகுதி தொட்ட கணமே ஆவியாகி, அந்த ஆவிப் படலம் மீதித் துளியைத் தாங்கிக்கொள்கிறது. ஜேர்மன் மருத்துவர் லைடன்ஃப்ரோஸ்ட் 1756ல் எழுதி வைத்த அவதானிப்பு இது. உருளத் தொடங்கியதும் நெருப்பை நடுத்தரத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

இனி ஈரம். மாமி துணியால் ஒற்றி எடுத்த அந்தச் செயலுக்கு நான் மிகப் பெரிய மதிப்புத் தருகிறேன். தண்ணீர் இருக்கும் இடத்தில் சூடு 100 பாகையைத் தாண்டாது. அது முழுதாக ஆவியாகிப் போகும் வரை மீனின் மேற்பரப்பு அவிந்துகொண்டிருக்குமே தவிரக் கறுக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீனின் மேல் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 1,500 ஜூல் போதும். ஆனால் ஆவியாக்க 11,000 ஜூலுக்கு மேல் வேண்டும். இந்த வெப்பம் முழுவதையும் 2 கிலோ எடையுள்ள இரும்புக் கல் தன்னிடமிருந்தே கொடுத்தால் அதன் சூடு ஏறத்தாழ 14 பாகை இறங்கும். 300 கிராம் அலுமினியச் சட்டி கொடுத்தால் 45 பாகைக்கு மேல் இறங்கிவிடும். இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் நாம் அதை விரும்புவதாக நினைக்கிறோம். கடத்துவதில் அலுமினியம் இரும்பை விடப் பல மடங்கு மேல். இரும்புக் கல்லின் பலம் அதன் பாரத்தில், அது சேர்த்து வைத்திருக்கும் சூட்டில் இருக்கிறது. ஒட்டாத பூச்சுள்ள சட்டியை மட்டும் இந்தச் சமையலுக்கு எடுக்காதீர்கள். 260 பாகையைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைந்து நச்சுப் புகை விடத் தொடங்கும். வெறுஞ்சட்டியாகக் காயவிடும்போது அந்தச் சூடு மிக விரைவில் வந்துவிடும்.

ஆகவே துண்டுகளில் உப்பைத் தூவிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை மேலே இழுத்துவரும். அந்த நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகுதான் தூள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் மீனில் தடவ வேண்டும். கல்லில் விட்டால் மீன் வருமுன்பே புகைந்து தீரும். பட்டர் 150 பாகையிலேயே கருகத் தொடங்கும், அதிலுள்ள பால் புரதம்தான் கருகுவது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 பாகையளவில் புகையும். நெய் 250 பாகை வரை தாங்கும் என்பதால் என் தேர்வு நெய். அரைக்கிலோ மீனுக்கு இரண்டு மேசைக்கரண்டி வறுத்த தூள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், நசுக்கிப் பிழிந்த உள்ளிச் சாறு சில துளி. இதற்கு மேல் சேர்த்தால் மீனின் சுவை அடிபட்டுப் போகும்.

தடிப்பு பற்றி ஒரு சொல். துண்டின் தடிப்பு இரண்டு மடங்கானால் நடுப்பகுதி வேக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் மாமியின் முதல் துண்டு வெளியே கரியாகியும் உள்ளே பச்சையாக இருந்தது. துண்டு ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு இருந்தால் போதும், மிஞ்சினால் ஒன்றரை. ஆட்டிறைச்சியைப் போல மீனை நெடுநேரம் வேகவிடத் தேவையில்லை. மீனின் தசைப் புரதம் 40 பாகையிலேயே இறுகத் தொடங்குகிறது. தசை மடல்களை ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய இணைப்புத் தாள்களும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். 60 பாகையைத் தாண்டும்போது சதை இதழ் இதழாகப் பிரியும். முள்ளுக்கரண்டியால் மெல்லத் திருப்பிப் பார்த்து, இதழ் பிரிந்தால் அடுப்பை விட்டு எடுத்துவிடலாம். பாரை, விளைமீன், அறுக்குளா போன்ற இறுகிய சதை மீன்கள் இதற்குப் பொருத்தம். மென்மையான சதை உள்ளவை திருப்பும்போது உடைந்துபோகும்.

தேசிக்காயை எப்போது பிழிவது? நம் வழக்கம் மீனைக் கழுவும்போதே. மீன் நாற்றத்துக்குக் காரணம், கடல்மீனின் உடலில் உள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் சிதைத்து உண்டாக்கும் டிரைமெத்திலமீன். புளிப்பு பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறி மூக்கை எட்டாமல் போகும். தேசிக்காயும் பழப்புளியும் மீனோடு சேர்ந்த காரணம் இதுதான். ஆனால் மையார் சொன்ன மாற்றம் புளிப்பில் மந்தமாகும். தேசிச்சாற்றில் ஊறிய துண்டு சரியாகக் கறுக்காது, மேற்சதையும் வெளுத்து இறுகிவிடும். எனவே இந்த ஒரு பதார்த்தத்துக்கு மட்டும் வழக்கத்தை மாற்றி, இறக்கிய பின் பிழியுங்கள். நாற்றமும் போகும், நிறமும் கிடைக்கும்.

கருகிய பகுதியைத் தின்னலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1977ல் தோக்கியோவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில் தகாஷி சுகிமுராவும் அவருடன் பணியாற்றியவர்களும் நெருப்பில் சுட்ட மீனின் கருகிய மேற்பரப்பைச் சோதித்தார்கள். நுண்ணுயிர்களின் மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் பொருட்கள் அதில் இருந்தன. பிறகு சுட்ட சாளை மீனிலிருந்து பிரித்தெடுத்த அத்தகைய பொருள் ஒன்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1993ல் வகைப்படுத்தியது. மீன் தசையிலுள்ள கிரியற்றினும் அமினோ அமிலங்களும் கடுஞ்சூட்டில் நெடுநேரம் கிடக்கும்போது இவை உருவாகின்றன. சூடும் நேரமும் குறைந்தால் இவையும் குறையும். தூளின் கபில நிறம் வேறு, மீன் சதை தீய்ந்த கரி வேறு. கையால் தொட்டால் மை போல ஒட்டும் பகுதியைச் சுரண்டி எறிந்துவிடுங்கள்; பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் அடுப்படியில் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. அது கரையிலேயே தீர்மானமாகிவிடும்.

அறுக்குளா, சூரை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. மீன் இறந்த பின் சூட்டில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்ரமினாக மாற்றும். பாக்கு நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் வெயிலில் காயும் இந்தத் தீவில் அதற்குச் சில மணி நேரம் போதும். அப்படிப்பட்ட மீனைச் சாப்பிட்டால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பில் தடிப்பு எழும்பும், நெஞ்சு படபடக்கும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வாமை என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். ஹிஸ்ரமின் சூட்டால் அழியாது. கல்லை எவ்வளவு காயவைத்தாலும், எவ்வளவு நேரம் வேகவிட்டாலும், தாச்சியில் எண்ணெய் நிறைய விட்டுப் பொரித்தாலும் அது அப்படியே இருக்கும். குளிரூட்டியில் வைத்தாலும் உண்டானது போகாது. பார்வையிலோ மணத்திலோ தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. சிலவேளை நாக்கில் மிளகுக் காரம் போல ஒரு சுருக்குத் தெரியும். அது ஒன்றுதான் அடையாளம். காரத் தூள் அப்பிய மீனில் அந்த அடையாளமும் மறைந்துவிடும்.

ஆகவே கரைக்கோ சந்தைக்கோ போகும்போது விலை கேட்பதற்கு முன் ஐஸைப் பாருங்கள். வெறும் தரையிலோ, வெயில் படும் பலகையிலோ கிடக்கும் அறுக்குளாவை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாங்கிய மீனைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாமல் ஐஸோடு நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சமைக்கும் வரை ஐஸிலேயே இருக்கட்டும்.